ஒன்பது கட்டம் போதும்

நான் கணிதம் படிப்பித்து 60 வயதில் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த ஆறாம் மாதம், என் கணவருடைய வலது கண்ணில் பிரச்சினை வந்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று கண் வைத்தியர் சொல்லிவிட்டார். அனுமதிப்பத்திரம் என்னிடமும் இருந்தது. ஆனால் எங்கள் பழைய நிசான் சன்னிக்குக் கிளச் மிதிக்க வேண்டும். என் இடது முழங்கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை. கோண்டாவிலிலிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் வர 12 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கே இரவில் முழங்காலுக்கு எண்ணெய் போட வேண்டியிருந்தது.

சன்னியை விற்று, கியர் மாற்றத் தேவையில்லாத சின்னக் கார் ஒன்று வாங்குவோம் என்று இருவரும் முடிவெடுத்தோம். பணிக்கொடைக் காசு வங்கியில் இருந்தது. அதில் எவ்வளவைத் தொடலாம் என்பதையும் அன்றே பேசி வைத்தோம். லீசிங் வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். பென்ஷன் காசில் மாதத்தவணை கட்டிக்கொண்டு மருந்தும் வாங்க முடியாது.

கார் பார்க்கப் போவதற்கு முன் ஒரு கொப்பி வாங்கினேன். ஒரு மாதம் முழுவதும் சன்னி ஓடிய ஒவ்வொரு ஓட்டத்தையும் அதில் எழுதினேன்: போன இடம், தூரம், யார் யார் வந்தோம், என்ன சாமான் ஏற்றினோம். மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது நானே நினைக்காத படம் ஒன்று கிடைத்தது. 24 நாள் வெளியே போயிருக்கிறோம். அதில் 19 நாள் 20 கிலோமீற்றருக்குள். சுன்னாகம் சந்தை, கிளினிக், நல்லூர், வங்கி. பருத்தித்துறையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான்கு தடவை, போகவர 60. கிளிநொச்சியில் இருக்கும் மகளிடம் ஒரே ஒரு தடவை, போகவர 130. கொழும்புக்குக் காரில் போகவே இல்லை. கோண்டாவில் ஸ்டேஷனில் ஏறினால் ரயில் இருக்கிறது.

காரைத் தேடுகிற என் வயதுக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கொப்பியைத்தான். தூரம் தெரியாமல் கார் பார்க்கப் போகிறவருக்கு விற்கிறவர் சொல்லுகிற கார்தான் நல்ல கார்.

எங்கள் நாட்டில் பழைய காரின் கதை வேறு நாடுகளைப் போல இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம் புதிதாக ஒன்றும் வராததால், உள்ளே இருந்த கார்களே கை மாறிக் கை மாறி விலை ஏறின. ஓடித் தேய்ந்த கார் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குப் போனதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதனால் இன்று எங்கள் கைக்கு எட்டுகிற ஹைபிரிட், மின்சாரக் கார்களில் மிகப் பெரும்பாலானவை பத்து வருடத்தைத் தொட்டவை, அல்லது தாண்டியவை. அவற்றில் எஞ்சின் ஒரு கேள்வி. பெரிய கேள்வி பற்றறி.

இந்தக் கார்களை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது 1990களின் சைக்கிள். கறண்ட் இல்லாத அந்த வருடங்களில் இரவுச் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ போட்டவர்கள் நாங்கள். அந்த டைனமோவில் பல்ப்பைத் தொடுத்தவுடன் பெடல் பாரமாகும், ஞாபகமா? மின்சாரத்தை எடுத்தால் சில்லு மெதுவாகும். மின்சாரக் காரில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கும்போது நடப்பது இதுவேதான். சில்லைச் சுற்றிய மோட்டார் அந்த நேரம் டைனமோவாக மாறி, ஓட்டத்தின் வேகத்தைக் கறண்டாக்கிப் பற்றறிக்குத் திருப்பி அனுப்புகிறது. அதனால் கார் தானாகவே தணிகிறது, பிறேக் கட்டைகளும் அதிகம் தேயாது. ஹைபிரிட்டிலும் இதே வேலை நடக்கிறது. ஆனால் அங்கே பெற்றோல் எஞ்சினும் சேர்ந்து இழுக்கும். வெளியிலிருந்து கறண்ட் ஏற்றத் தேவையில்லை.

எங்கள் பட்டியலில் மூன்று கார்கள் இருந்தன.

முதலில் பார்த்தது சுசுகி வகன் ஆர். அக்காவின் விருப்பம் அது. 2017 இல் வந்த வடிவத்தைத்தான் யாழ்ப்பாணத்தில் மூலைக்கு மூலை காண்கிறோம். நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள். எங்கள் ஒழுங்கையில் எதிரே ஒரு ஓட்டோ வந்தால் வேலியை உரசாமல் விலகுகிற கார் அதுதான். கூரை உயரம், சீற்றும் உயரம். குனியாமல் கதிரையில் இருப்பதுபோல ஏறி இருக்கலாம். இவருக்கு அது மிகவும் பிடித்தது. ஆனால் ஹைபிரிட் என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதில் உள்ள மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கிற சிறிய மோட்டார். நெரிசலில் சில விநாடிகள் ஊர வைக்கும். மற்றபடி 660 சீசீ பெற்றோல் எஞ்சின்தான் இழுக்கிறது. பெற்றோல் குறைவாகக் குடிப்பதற்குப் பெரிய காரணம் அதன் எடை குறைவு. நல்ல கார், சந்தேகமில்லை. ஆனால் கேட்ட விலைக்குப் பணிக்கொடையில் நாங்கள் போட்ட கோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது.

இரண்டாவது ரொயோட்டா அக்குவா. இது முழு ஹைபிரிட். மெதுவாகப் போகும்போது எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரிலேயே ஓடும். ஜப்பானில் 2011 டிசம்பரில் வந்தது. பற்றறி பின் சீற்றுக்குக் கீழே; நிக்கல் வகை; 20 துண்டுகளைத் தொடராகக் கோத்தது. தொடர் என்பதால் ஒரு துண்டு பலவீனமானால் மொத்தமும் நொண்டும். அப்போது டாஷ்போட்டில் சிவப்பு முக்கோணம் எரியும். சில கராஜ்களில் அந்த ஒரு துண்டை மட்டும் கழற்றி, வேறு பழைய பற்றறியிலிருந்து எடுத்த துண்டைப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆடுகிற பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பல் ஆடத் தொடங்குவது போல, சில மாதத்தில் அடுத்த துண்டு போகும். விற்பவர் பற்றறி செய்தது என்று சொன்னால், முழுவதும் மாற்றியதா, துண்டு மாற்றியதா, பில் எங்கே என்று கேட்டே ஆக வேண்டும்.

அக்குவா பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பின் சீற்றின் கீழ்ப்பக்கம் காற்று இழுக்கிற சல்லடை ஒன்று இருக்கிறது. பற்றறியைக் குளிர வைக்கிற விசிறிக்கு அதுதான் மூக்கு. நாங்கள் பார்த்த காரில் அதைக் கழற்றியபோது கோண்டாவில் செம்மண்ணும் நாய் மயிரும் கம்பளி போல் அடைத்திருந்தன. அந்தப் பற்றறி எத்தனை வருடம் மூச்சு முட்டி வெந்ததோ. எஞ்சின் பளபளவென்று கழுவியிருந்தது. சல்லடையை ஒருவரும் திறக்கவே இல்லை. நான் அந்த இடத்திலேயே கொப்பியை மூடிவிட்டேன். இவருக்கோ வேறு காரணம். சீற் மிகவும் தாழ்வு. இறங்கும்போது கதவைப் பிடித்து இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை நான் கை கொடுத்தேன். கொழும்புக்கு மாதத்துக்கு இரண்டு தடவை ஓடுகிற குடும்பத்துக்கு நல்ல அக்குவாவை நான் மனதார எடுத்துச் சொல்வேன். வாங்கும் முன் முழங்கால் நோகிறவர் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும், ஒரு தடவை அல்ல, ஐந்து தடவை.

ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டையும் சிலர் சொன்னார்கள். 2013 இல் வந்த வடிவத்தின் இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டிக்கு ஜப்பானிலேயே பல தடவை திருத்த அழைப்பு வந்தது. செலவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாத ஒன்றை இந்த வயதில் தொட நான் விரும்பவில்லை.

மூன்றாவது நிசான் லீஃப். பெற்றோலே இல்லாத கார். 2010 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. இங்கே 2015 ஐ ஒட்டிய வருடங்களில் நிறைய வந்து இறங்கின. அந்தக் காலத்து லீஃபில் 24 கிலோவாற் மணி பற்றறி, அதாவது கறண்ட் பில்லில் எழுதுகிற 24 யூனிற். தரைக்குக் கீழே 48 பெட்டிகளில் 192 செல்கள். பின்னர் 30, 40 யூனிற் பற்றறியோடும் வந்தன. அவை எங்கள் கோட்டுக்கு மேலே.

இந்தக் காரின் பெரிய குறை, பற்றறியைக் குளிர வைக்க விசிறியும் இல்லை, தண்ணீரும் இல்லை என்பது. குளிர் நாட்டில் அது பெரிய விசயமில்லை. சித்திரை வெயிலில் தார் உருகுகிற இடத்தில் பற்றறி வருடத்துக்கு வருடம் தேயும். எவ்வளவு தேய்ந்தது என்பதை டாஷ்போட்டில் வலது ஓரத்தில் 12 சின்னக் கட்டங்கள் காட்டும். முதல் கட்டம் விழுவதற்கு ஏறக்குறைய 15 வீதம் குறைய வேண்டும். அதற்குப் பிறகு 6 வீதத்துக்கு ஒரு கட்டம். ஒன்பது கட்டம் என்றால் புதிதில் இருந்ததன் 70 வீதம் அளவில் மிச்சம். பத்து வயதுக் காரில் பன்னிரண்டு கட்டம் நின்றால் சந்தோசப்படுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

நான் முதலில் சந்தோசப்பட்டேன். வாகனம் விற்கிற இடம் ஒன்றில் 2013 ஆம் ஆண்டு லீஃப். வெள்ளை நிறம், உள்ளே புதுத்துணி. "அக்கா, பன்னிரண்டும் அப்பிடியே நிக்குது, பாருங்கோ" என்றார் அங்கிருந்தவர். விலையும் அதற்கேற்ற விலை. முற்பணம் கொடுக்கக் கையைப் பையில் விட்டபோது, எங்களோடு வந்திருந்த, என்னிடம் படித்த மிக்கானிக் தம்பி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"ரீச்சர், இந்தக் கட்டங்களை நம்பாதேங்கோ. பற்றறியின்ர கணக்கை அழிச்சு விட்டா, கார் தன்னைப் புதுசு எண்டு நினைச்சுப் பன்னிரண்டையும் காட்டும். கொஞ்ச நாளில திரும்ப விழும்."

"அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? உம்மட கருவியில தெரியாதோ?"

"கணக்கை அழிச்சா அதிலயும் கூடத்தான் காட்டும். முழுக்கச் சார்ஜ் ஏத்தி ஓடிப் பாருங்கோ. ஓட்டம் மட்டும்தான் பொய் சொல்லாது."

அடுத்த நாள் காலை, 100 வீதம் ஏற்றிய காரை வாங்கிக்கொண்டு, ஏசி போட்டு, பருத்தித்துறைப் பக்கம் புறப்பட்டோம். விற்கிறவர் பின் சீற்றில். நான் 50க்கு மேல் மிதிக்கவில்லை. இவர் மடியில் கொப்பி. 10 கிலோமீற்றருக்கு 87. 20 க்கு 73. திரும்பி வரும் வழியில் 52 காட்டிய திரை ஒரு சந்தியைக் கடப்பதற்குள் 44 க்கு விழுந்தது. 41 ஆவது கிலோமீற்றரில் 40. அறுபது வீதத்துக்கு 41 கிலோமீற்றர் ஓடினால் நூறு வீதத்துக்கு எவ்வளவு? எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும்: 68. பன்னிரண்டு கட்டமும் உண்மையாக உள்ள லீஃப் எங்கள் றோட்டில் 130 அளவு ஓட வேண்டும். பாதிதான் இருந்தது. "ஏசி போட்டதாலதான் அக்கா" என்றார் பின்னால் இருந்தவர். ஏசி கொஞ்சம் தின்னும். பாதிப் பற்றறியைத் தின்னாது. காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தம்பி வராமல் இருந்திருந்தால், கட்டங்களை மட்டும் எண்ணி, முப்பத்தைந்து வருடம் படிப்பித்துச் சேர்த்த காசைக் கொடுத்திருப்பேன். எத்தனை பென்ஷன்காரர் அப்படிக் கொடுத்திருப்பார்கள் என்ற எண்ணம்தான் இதை எழுத வைக்கிறது.

இரண்டாவது லீஃப் இணுவிலில் ஓய்வு பெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவருடையது. அவருக்கு 74 வயது. வீட்டு மாமர நிழலில்தான் எப்போதும் நின்ற கார். "பிள்ளை, நான் பொய் சொல்லேல்லை. ஒன்பது கட்டம்தான். ஓடிப் பாத்திட்டு வாரும்" என்று சாவியைத் தந்தார். அதே றோட்டு, அதே வேகம், அதே ஏசி. அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பி 60 கிலோமீற்றர் ஓடியதும் 38 நின்றது. ஒரு முறைகூடத் திடீரென்று விழவில்லை. படிக்கட்டில் இறங்குவதுபோலச் சீராக இறங்கியது. கணக்குப் போட்டால் முழுச் சார்ஜுக்கு 97.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று இவர் கேட்டார். கொப்பியை முன்னுக்குத் திருப்பினேன். 24 நாளில் 23 நாள் அந்த 97 க்குள் அடங்கியது. விலையும் நாங்கள் பார்த்த அக்குவாவுக்குக் கேட்டதில் பாதிக்கும் குறைவு. இன்னும் இரண்டு கட்டம் விழுந்தாலும் அக்கா வீட்டுக்குப் போய் வர முடியும். அதற்குப் பிறகும் பெட்டிகளை மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்று மிச்சக் காசில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தோம். இந்த ஒதுக்கல் இல்லாமல் பழைய லீஃப் வாங்கவே கூடாது.

கார் வந்த பிறகுதான் வீட்டைப் பற்றி யோசித்தோம், அது பிழை. முதல் கிழமை, பழைய 13 அம்பியர் பிளக்கில் இரவு முழுக்க ஏற்றினோம். நான்காம் நாள் காலையில் பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம், பிளாஸ்ரிக் மணம். கேத்தில் ஐந்து நிமிடம் இழுப்பதும், கார் எட்டு மணித்தியாலம் இழுப்பதும் ஒன்றல்ல. பிறகு மீற்றர்ப் பலகையிலிருந்து காருக்கென்றே தடித்த வயரில் தனி லைன், தனி ட்ரிப் சுவிட்ச். ஏர்த் கம்பிதான் சிக்கலாயிற்று. எங்கள் செம்மண் கோடையில் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண்ணில் ஏர்த் பிடிக்காது. கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் போகிற வாய்க்கால் ஓரம் எப்போதும் ஈரம். கம்பியை அங்கே இறக்கினார் வயரிங் செய்தவர்.

கறண்ட் நின்றால் என்ன செய்வீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1990களில் பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. ஸ்டார்ட் பண்ண மட்டும் சிரிஞ்சால் சில துளி பெற்றோல். 2022 இல் மறுபடியும் பெற்றோல் செட் வாசலில் இரவிரவாக நின்றோம். கியூஆர் பங்கீடு வந்த பிறகும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். ஆனால் அதே 2022 மார்ச் கடைசியில் கறண்டும் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். எதுவும் எப்போதும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கூரையில் 5 கிலோவாற் சோலர் இருக்கிறது. வெயில் நாளில் ஏறக்குறைய 20 யூனிற் வரும். இந்தக் கார் ஒரு யூனிற்றில் 6 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடுகிறது. சந்தைக்கும் கிளினிக்குக்கும் தேவையானது நாளுக்கு மூன்று நான்கு யூனிற்.

சோலர் வைத்திருக்கிற பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். லைனோடு தொடுத்த சாதாரண சோலர், லைனில் கறண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் ஒரு யூனிற் வராது. லைனில் வேலை செய்கிறவருக்கு அடிக்காமல் இருக்கத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். வீட்டில் தனிச் சேமிப்புப் பற்றறி இருந்தால்தான் வேறு. ஆகவே சோலர் இருக்கிறது, கவலையில்லை என்று காரை 10 வீதத்தில் விடக்கூடாது. எங்கள் அன்றாட வழக்கம் 40 க்குக் கீழே இறங்க விடுவதில்லை, 80 க்கு மேல் ஏற்றுவதுமில்லை. நிரம்பி வழிகிற பற்றறி வெயிலில் நின்றால் வேகமாகத் தேயும். நீண்ட ஓட்டம் இருக்கிற அன்று மட்டும், புறப்படும் நேரத்துக்குச் சற்று முன் 100 ஆகும்படி ஏற்றுவோம். றோட்டோர வேகச் சார்ஜரை நம்பி நான் வாங்கவில்லை. லீஃபின் வேகச் சார்ஜ் முனை ஜப்பான் முறை. இப்போது புதிதாக இறங்குகிற கார்கள் பலவற்றுக்கு வேறு முனை. வீட்டில் ஏற்ற வசதி இல்லாதவர், வாடகை வீட்டில் இருக்கிறவர், லீஃபை விட்டு ஹைபிரிட்டைத்தான் பார்க்க வேண்டும்.

மிச்சமிருந்தது கிளிநொச்சி மட்டும். கொப்பியில் 97 க்குள் அடங்காத அந்த ஒரே ஓட்டம். ரயிலில் போவோம் என்றுதான் நினைத்திருந்தோம். பேரனுக்குப் பிறந்தநாள் வந்தது. பலகாரச் சட்டியும் மூட்டையும் இருந்தன. போகும்போது 66 கிலோமீற்றர், இரவு அங்கே தங்கல், காலையில் திரும்பல். மருமகன் முன்கூட்டியே வாசலுக்கு ஒரு தனி லைன் இழுத்துவிட்டார்.

விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம், வெயில் ஏறுவதற்குள். 55 இல் ஓடினேன். பின்னால் வந்த பஸ்களுக்கெல்லாம் வழி விட்டேன். பளையில் 62. ஆனையிறவில், இரண்டு பக்கமும் கடல்நீர் வெளிச்சத்தில், 44. அங்கே நிறுத்தித் தேத்தண்ணீர் குடித்தோம். மகளின் படலைக்குள் நுழைந்தபோது பேரன் ஓடிவந்து சார்ஜ் வயரைத் தான்தான் கொழுவுவேன் என்று நின்றான். இவர் இறங்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்து, கொப்பியைத் திறந்து பெரிய எழுத்தில் 31 என்று எழுதினார்.